முறிகண்டியில் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாத பழைய பென்ஸ்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: மாமா லண்டனுக்குப் போகும்போது விட்டுச்சென்ற 1983ஆம் ஆண்டுப் பென்ஸ் 230ஈ. காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு 20 நிமிடத்தில் திரும்பினால் கார் அடம்பிடிக்கிறது. பற்றரி களைக்கும்வரை சுற்றிய பிறகு இருமி, குலுங்கி எழும்புகிறது. ஒரு நிமிடத்தில் எதுவும் நடவாததுபோல் ஓடுகிறது. ஒரு கராஜில் பெற்றோல் பம்பை மாற்றினார்கள், பலனில்லை. இப்போது பியூவல் டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோலைப் பங்கிடும் பாகத்தை, மாற்றச் சொல்கிறார்கள். அல்லது இன்ஜெக்ஷனையே கழற்றி எறிந்துவிட்டுக் காபரேட்டர் பூட்டச் சொல்கிறார்கள். இரண்டில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். இந்த இன்ஜெக்ஷன் செத்துவிட்டதா, அல்லது அதில் ஏதோ ஒரு துண்டு மட்டும் கெட்டிருக்கிறதா என்பதுதான் அது. ஒரு துண்டுதான் கெட்டிருக்கிறது என்பது என் எண்ணம். எந்தத் துண்டு என்பதை ஓர் அழுத்தமானி அரை நாளில் சொல்லிவிடும். அதுவரை இன்னொரு பாகமும் வாங்காதீர்கள்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்தது வளைகுடா. 1980களில் அங்கே ஒரு கராஜில் வேலை செய்தபோது, இந்த வகை இன்ஜெக்ஷன் கார்கள் வரிசையில் நின்றன. வன்னிக்குத் திரும்பி வந்த பிறகு பல வருடங்கள் அந்த அறிவுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது இங்கே ஓடியவை மண்ணெண்ணெயில் ஓடக்கூடிய வாகனங்கள். பழைய கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்றவற்றின் காபரேட்டருக்குள் ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்துவிட்டு, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். இன்ஜெக்ஷன் காருக்கு அந்தச் சமாளிப்பு சரிவராது. அவை மாமரத்தின் கீழ் தார்ப்பாய்க்குள் கிடந்தன. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகும், பின்னர் போர் முடிந்த பிறகும் ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஐந்து வருடம் அப்படியே கிடந்ததில், பழைய காரை விட்டுவிட மனமில்லாதவர்கள் இன்னும் அதிகமாக வந்தார்கள். இந்தப் பதிலில் இருப்பது அந்த வேலையில் கண்டவை.

உங்கள் காரில் இருப்பது பொஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக். 1973இல் போர்ஷே 911இல் வந்த முறை. 1980இல் வெளியான 230ஈயிலும் அதுதான். இன்றைய கார்களில் ஒரு கணினி இன்ஜெக்டரைத் திறந்து மூடும். இதில் அப்படி எதுவும் இல்லை. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் நான்கு இன்ஜெக்டர்களும் இடைவிடாமல் தூவிக்கொண்டே இருக்கும். உள்ளே போகும் காற்று ஒரு வட்டத் தட்டை நகர்த்தும். தட்டு ஒரு நெம்புகோல் வழியாகப் பியூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் உருளைத் தண்டை உயர்த்தும். தண்டு எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு பெற்றோல் போகும். எல்லாமே அழுத்தத்தின் கணக்கு. பம்ப் கொடுக்கும் அழுத்தம் 5 பாரைச் சுற்றி இருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). தண்டின் தலையில் எதிராக அழுத்தி, கலவை செறிவா மெலிவா என்று தீர்மானிக்கும் கட்டுப்பாட்டு அழுத்தம், எஞ்சின் சூடான பின் 3.4 முதல் 3.8 பார் வரை. இன்ஜெக்டர் திறப்பது 3 பாருக்குச் சற்று மேலே. உங்கள் காருக்கான துல்லியமான எல்லையை அதன் சேவைக் கைநூலில் பாருங்கள். நான் தருவது கையில் பழகிய எண்கள்.

இனி முறிகண்டியில் நடப்பதைப் பாருங்கள். ஓடும்போது எஞ்சினைத் தண்ணீரும் காற்றும் குளிர்த்துக்கொண்டிருக்கின்றன. நிறுத்திய கணத்தில் இரண்டும் நின்றுவிடுகின்றன. இரும்பில் இருந்த சூடு மேலே ஏறுகிறது. பொனற்றுக்குள் வெப்பம் குறையாமல் முதல் அரை மணி நேரத்தில் கூடுகிறது. பெற்றோலின் இலேசான பகுதிகள் 40 பாகை செல்சியஸுக்கு முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும். ஆனால் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் திரவம் இலகுவில் கொதிக்காது. இதைத் தெரிந்துதான் பொஷ் பொறியியலாளர்கள் எஞ்சின் நின்ற பிறகும் குழாய்களில் அழுத்தம் தங்கும்படி அமைத்தார்கள். பம்பின் வாயில் ஓர் ஒருவழி வால்வு இருக்கிறது, பெற்றோல் தாங்கிக்குத் திரும்பாமல் தடுக்க. அதை அடுத்து அக்யூமுலேட்டர் என்ற தகரக் குடுவை. உள்ளே சுருள்வில்லும் ஒரு சவ்வும் இருக்கும். பம்ப் ஓடும்போது வில் அமுங்கும், நின்றதும் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டில் ஒன்று கெட்டால் அழுத்தம் விழும், பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகும், இன்ஜெக்டருக்குப் போவது பெரும்பாலும் குமிழி. ஸ்டார்ட்டர் சுற்றிச் சுற்றிக் குமிழியை வெளியேற்றிய பிறகுதான் எஞ்சின் எழும்பும். இருமலும் குலுக்கலும், பிறகு ஒரு நிமிடத்தில் சரியாகிவிடுவதும் இந்தக் கதைக்கு அப்படியே பொருந்துகின்றன. காலையில் இரவு முழுவதும் குளிர்ந்த எஞ்சினில் ஆவிக்கு இடமில்லை. அழுத்தம் பூச்சியமானாலும் பம்ப் சில நொடிகளில் நிரப்பிவிடும்.

பொருந்துகிறது என்பதால் நிரூபணமாகிவிடாது. சூட்டில் சாகும் இன்னொன்று மின்பொறி. உங்கள் காரில் பழைய பிளாட்டினம் முனைகள் இல்லை. பதிலாக ஒரு சுருளும் ஒரு மின்னணுப் பெட்டியும் இருக்கின்றன. இரண்டும் சூடானால் மயங்கி, ஆறினால் தெளியும் குணம் கொண்டவை. எனவே முதல் வேலை பெற்றோல் வேலையே அல்ல. அடுத்த முறை அடம்பிடிக்கும்போது, அந்தச் சூட்டிலேயே, ஓர் உபரி பிளக்கை வயரில் செருகி எஞ்சின் உடம்போடு சேர்த்துக் கட்டி, இன்னொருவரைக் கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். கையால் பிடிக்காதீர்கள், பெற்றோல் மணம் இருந்தால் செய்யவே வேண்டாம். தடித்த நீலப் பொறி வந்தால் மின் பக்கத்தை விட்டுவிடலாம். வராவிட்டால் இந்தப் பதிலின் மிச்சம் உங்களுக்குத் தேவையில்லை.

பொறி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மானி இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, வழியோரத்திலும் செய்யலாம். பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான பம்ப் ரிலேயைக் கழற்றி, அதன் இருப்பிடத்தில் 30, 87 என்று எண் பொறித்த இரண்டு துளைகளையும் பியூஸ் உள்ள ஒரு வயரால் இணைத்தால் பம்ப் தனியே ஓடும். எண் வேறாக இருந்தாலோ இல்லாவிட்டாலோ வயர்ப்படம் பார்க்காமல் குத்தாதீர்கள். அரை நிமிடம் ஓடவிட்டு, வயரை எடுத்து, ரிலேயைத் திரும்பச் செருகிச் சாவியைத் திருப்புங்கள். உடனே பிடித்துக்கொண்டால் சந்தேகம் முக்கால்வாசி தீர்ந்தது: அழுத்தம் தங்கவில்லை. ஆனால் பம்ப் அப்படி ஓடும்போது காற்றுத் தட்டை ஒருவரும் அசைக்கக் கூடாது. அசைத்தால் நான்கு சிலிண்டர்களுக்குள்ளும் பச்சைப் பெற்றோல் பாயும். உதவிக்கு வந்த ஒரு பையன் விளையாட்டாக அதை அமுக்கியதில், எஞ்சின் எண்ணெய் முழுவதையும் மாற்ற நேர்ந்தது எனக்கு.

நேர்மாறான நிலையும் உண்டு. ஸ்டார்ட் ஆகும்போது கரும்புகையும் பெற்றோல் மணமும் வந்தால், அக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி சுற்றும்போது சீக்கிரம் பிடித்தால், பெற்றோல் போதாமை இல்லை, மிகுதி. அப்போது ஒழுகும் இன்ஜெக்டரையும், குளிர்ந்த எஞ்சினை எழுப்பக் கூடுதல் பெற்றோல் தூவும் குளிர் ஸ்டார்ட் வால்வையும் சந்தேகிக்க வேண்டும். நம் வெப்பத்தில் அந்த வால்வுக்கு வேலை மிகக் குறைவு. ஒழுகினால் கெடுதல் மட்டும் நிச்சயம் செய்யும். அதைக் கழற்றி, வயரையும் எடுத்துவிட்டு, மூக்கை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டுப் பம்பை ஓடவிடுங்கள். துடைத்த மூக்கில் ஒரு நிமிடத்துக்குள் துளி கட்டக் கூடாது. புகையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை கண்ணாடியில் பின்னால் பாருங்கள்.

மானிக்கு வருவோம். இடையில் திருகு வால்வு உள்ள, கே-ஜெட்ரானிக்குக்கென்றே செய்த மானி வேண்டும். சாதாரண இன்ஜெக்ஷன் மானியின் இணைப்பு இதற்குப் பொருந்தாது. கே-ஜெட்ரானிக் மானியைப் பியூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும், கட்டுப்பாட்டு அழுத்தத்தைத் தீர்மானிக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவே பூட்ட வேண்டும். வால்வை மூடினால் மொத்த அழுத்தம், திறந்தால் கட்டுப்பாட்டு அழுத்தம், எஞ்சினை நிறுத்தினால் தங்கும் அழுத்தம். மூன்று எண்களும் ஒரே கருவியில் கிடைக்கும். நிறுத்தியதும் ஊசி இன்ஜெக்டர் திறக்கும் அளவுக்குச் சற்றுக் கீழே இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். அரை மணி நேரத்தில் மெல்லத்தான் குறையலாம். சில நிமிடங்களில் பூச்சியத்தைத் தொட்டால் ஓட்டை எங்கே என்று தேடுவதுதான் மிச்சம். தேடும் வழி ஒவ்வொரு கதவாக அடைத்துப் பார்ப்பது. முதலில் மானியின் வால்வை மூடுங்கள். ஊசி நின்றுவிட்டால் ஓட்டை வார்ம்-அப் ரெகுலேட்டர் பக்கம். நிற்காவிட்டால், பம்பை ஓட்டி அழுத்தம் ஏற்றி, நிறுத்தியவுடன் தாங்கியிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர்க் குழாயைக் கவ்வியால் அடையுங்கள். ஊசி நின்றால் பம்பின் ஒருவழி வால்வு. இன்னும் விழுந்தால் அக்யூமுலேட்டரின் பின்னாலிருந்து தாங்கிக்குப் போகும் சிறு குழாய். அதை அடைத்தபோது நின்றால் சவ்வு கிழிந்திருக்கிறது. அதற்கும் நிற்காவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து திரும்பும் குழாய். அங்கே நின்றால் அழுத்த ரெகுலேட்டருக்குள் ஒரு ரப்பர் வளையம். எல்லாவற்றையும் அடைத்தும் விழுந்தால் இன்ஜெக்டர்களும் குளிர் ஸ்டார்ட் வால்வும்தான் மிச்சம். கவ்வியின் பல் வழவழப்பாக இருக்க வேண்டும். நாற்பது வருடக் குழாயைப் பல் வைத்த இடுக்கியால் நெரித்தால் அதுவே அடுத்த ஒழுக்காகும். ஆறாத எஞ்சினில் இணைப்பைக் கழற்றாதீர்கள். அழுத்தம் மிச்சமிருக்கும் குழாயைத் துணி சுற்றாமல் திறந்தால் பெற்றோல் புகையாகவே பீய்ச்சும். தீயணைப்புக் குடுவை பக்கத்தில் இருக்கட்டும், வேலை வெளிமுற்றத்தில் நடக்கட்டும்.

மானி கிடைக்கும்வரை அக்யூமுலேட்டரை ஒரு குறுக்கு வழியில் பார்த்துவிடலாம். பின் அச்சுக்கு முன்னால், காருக்கு அடியில், பம்போடு சேர்ந்து இருக்கும். அதன் பின்புறச் சிறு குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டுப் பம்பை ஓட்டுங்கள். அந்தப் பக்கம் சவ்வுக்குப் பின்னால் இருப்பது. காய்ந்து கிடக்க வேண்டிய இடம். பெற்றோல் ஓடிவந்தால் சவ்வு கிழிந்தது நிச்சயம். வராவிட்டால் சவ்வு நல்லது என்று மட்டும் கொள்ளுங்கள். வில் தளர்ந்திருக்கலாம், அதை மானிதான் சொல்லும்.

வளைகுடாவில் இருந்தபோது இதே குறையுள்ள ஒரு காருக்கு நானே முதலாளியிடம் சொல்லிப் புதிய பியூவல் டிஸ்ட்ரிபியூட்டர் பூட்டினேன். கைநிறையப் பணம் போன வேலை. அடுத்த வாரம் அதே கார் அதே குறையோடு வாசலில் நின்றது. பகுதித் தலைவராக இருந்த முதியவர் ஒன்றும் பேசாமல் மானியை என் கையில் தந்தார். கிழிந்திருந்தது அக்யூமுலேட்டர் சவ்வு. அன்றிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரைக் கடைசிக் கதவாக வைத்திருக்கிறேன். அதற்குள் இருக்கும் தண்டும் மயிரிழை அகலத் துளைகளும் துருவாலும் பிசினாலும் கெடும், மறுக்கவில்லை. ஆனால் அது கெட்டால் காலையிலும் தெரியும், ஓட்டத்திலும் தெரியும்: எஞ்சின் ஒரு சீராக நிற்காது, ஏற்றத்தில் தடுமாறும். காலையிலும் ஓட்டத்திலும் நன்றாக இருந்து சூட்டில் மட்டும் மறுக்கும் காருக்கு அதைக் குற்றம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

பம்ப் புதிது என்கிறீர்கள். அங்கேயும் ஒரு கேள்வி இருக்கிறது. புதிய பம்போடு ஒருவழி வால்வும் வந்ததா, அல்லது பழைய வால்வையே கழற்றித் திரும்பப் பூட்டினார்களா? இரண்டும் தனித்தனியாக வரும் பம்புகள் உண்டு. பம்பை மாற்றியும் குறை போகாததற்குப் பழைய வால்வே காரணமாக இருக்கலாம் என்பது என் முதல் ஊகம், இரண்டாவது அக்யூமுலேட்டர். இந்த வரிசையில் எனக்கு உறுதி இல்லை, இரண்டில் ஒன்று என்பதில் ஓரளவு உறுதி உண்டு. கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய அக்யூமுலேட்டர் கிடைக்கும், மலிவாகவும் இருக்கும். வாங்காதீர்கள். உள்ளே இருப்பது ரப்பர்ச் சவ்வு. அதன் வயதும் உங்கள் காரின் வயதுதான். இதைப் புதிதாகவே வாங்க வேண்டும். உலோகப் பாகம் என்றால் பழையதற்கு நான் எதிரி இல்லை.

வன்னிக் காருக்கென்று சில தனி நோய்கள் உண்டு, மானியைப் பூட்டும் நாளிலேயே அவற்றையும் பார்த்துவிடுங்கள். தாங்கியின் காற்றுக் குழாயில் குளவி மண் வைத்துக் கூடு கட்டும். காற்று உள்ளே போகாவிட்டால் தாங்கியில் வெற்றிடம் உண்டாகி, நெடுந்தூரம் ஓடிய பிறகு பம்ப் முனகும். நிறுத்தியதும் மூடியைத் திறந்து பாருங்கள். பலமாக உள்ளிழுக்கும் ஓசை கேட்டால் கூட்டைத் தேடுங்கள். இரண்டாவது, பரலில் வைத்த பெற்றோல். 2022இல் பெற்றோலுக்கு வாராந்தப் பங்கீடு வந்தபோது வீட்டுக்கு வீடு சேர்த்து வைத்தோம். மாரியில் அந்தப் பரலுக்குள் ஈரம் சேரும், கோடையில் இலேசான பகுதி பறந்து வார்னிஷ் மணக்கும் மிச்சம் நிற்கும். இன்றும் உள்ளூர்களில் தெருவோரப் போத்தல் பெற்றோலை ஊற்ற நேர்கிறது. தண்ணீர் தாங்கியின் அடியில் தங்கித் துருவாகி, அடிச் சல்லடையை அடைத்துவிடும். திரும்பும் குழாயை ஒரு வாளிக்குள் விட்டு அரை நிமிடம் பம்பை ஓட்டிப் பாருங்கள். முக்கால் லீற்றருக்குக் குறைந்தால், முதலில் பம்பின் முனையில் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்குக் கிட்ட வருகிறதா என்று அளந்து, பிறகு பில்டரையும் சல்லடையையும் கழற்றுங்கள். வாளியில் வந்ததைக் கண்ணாடிப் போத்தலில் விட்டு ஒரு மணி நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும், துரு செம்மண்போல் படியும். செம்மண் புழுதியைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள்; காற்று வடிகட்டி நல்லதென்றால் அது பெற்றோல் பக்கம் வராது.

காபரேட்டர் மாற்றம் பற்றி. அதைச் சொன்னவரைக் குறை சொல்லவில்லை. தெரிந்த கருவியால் தெரியாத நோயைத் தீர்க்கப் பார்க்கிறார். ஆனால் ஒன்றை அவர் மறந்துவிட்டார். காபரேட்டர் கார்களும் இதே முறிகண்டியில்தான் மறுத்தன. கேம்பிரிட்ஜ் ஓட்டிகள் கோயில் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணியைப் பெற்றோல் பம்பின்மேல் போட்டுக் காத்திருந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். காபரேட்டரில் பெற்றோல் திறந்த கிண்ணத்தில் நிற்கிறது, அதைக் கொதிக்காமல் காக்க அழுத்தமே இல்லை. பணம் செலவழித்து இன்ஜெக்ஷனை எறிந்த பிறகும் அதே கச்சான்கடை வாசலில் நிற்கக்கூடும். காரின் மதிப்பும் போயிருக்கும்.

நீங்கள் எழுதியதை வைத்து எட்டத்திலிருந்து சொன்னவை இவை. பொறி நீலமாக வந்ததா, அரை நிமிடம் பம்பை ஓட்டிய பின் உடனே பிடித்ததா, ஸ்டார்ட் ஆகும்போது புகையின் நிறம் என்ன என்ற மூன்றையும் இங்கேயே எழுதுங்கள். மானி கிடைத்தால் நிறுத்தியவுடனும், பத்தாவது நிமிடத்திலும், இருபதாவது நிமிடத்திலும் ஊசி எங்கே நின்றது என்று குறித்து அனுப்புங்கள். எந்தக் கதவை அடுத்து அடைப்பது என்று சொல்கிறேன். அதுவரை பிள்ளையாரடியில் நிறுத்தும்போது நிழல் பார்த்து நிறுத்தி, பொனற்றைத் திறந்து வைத்துவிட்டுத் தேங்காய் உடைக்கப் போங்கள்.